ஹில்டிங் வீட்டுச் சூடு

1974 நவம்பர் முதல், ஹில்டிங் தன் வீட்டு நிலவறைப் பாய்லரில் போட்ட விறகு அவனுடைய தம்பி எவெர்ட்டின் வீட்டைச் சூடாக்கியது. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நானூறு மீட்டர் உருளைக்கிழங்கு வயல் இருந்தது. குழாய் எதுவும் இல்லை. ஹில்டிங்கின் பாய்லரில் தீ நன்றாகத்தான் எரிந்தது. சாம்பலும் விழுந்தது. அறைகளுக்குச் சூடு கொண்டுபோக வேண்டிய தண்ணீர் மட்டும் எட்டு டிகிரியைத் தாண்டவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம், தீ மூட்டாத வீட்டில், கூரைப்பனி உருகிச் சொட்டியது. எவெர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜன்னலோரம் காப்பி குடித்தான். வடக்கு ஸ்வீடனில், பனி ஏழு மாதம் கிடக்கும் கிரான்விக் ஊரில் இதை எல்லோரும் பார்த்தார்கள்.

காரணம் என்னவென்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த பாகப்பிரிவினையை எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அப்பா இறந்ததும் பழைய வீடு எவெர்ட்டுக்கு என்றானது. காடு மட்டும் பாக்கி. மூத்தவன் கோடு கிழிக்க வேண்டும், இளையவன் தன் பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். இருபது ஆண்டு கப்பலில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த எவெர்ட்டுக்குக் காடு மறந்துபோயிருந்தது. பனி உருகும்வரை பொறுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சறுக்குக்கட்டையில் போனால் சுலபம் என்று ஹில்டிங் அவசரப்படுத்தினான். ஒரு மீட்டர் பனிக்குக் கீழே மேடும் சதுப்பும் ஒரே வெள்ளையாகத் தெரிந்தன. எவெர்ட் சாலைக்குப் பக்கத்தில் இருந்த பாதியைக் கேட்டான். அது சதுப்பு. ஆகஸ்ட் தோறும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு அங்கே பெர்ரி பறித்தவன் ஹில்டிங். அவன் வாயைத் திறக்கவில்லை. காய்ந்த மேட்டில் நின்ற, நல்ல விறகாகும் பிர்ச் மரங்கள் முழுவதும் அவனுக்கு வந்தன.

ஹில்டிங் முதலில் பாய்லரைப் பிரித்துப் பார்த்தான். பம்பை மாற்றினான். பிறகு இரண்டு மடங்கு விறகு போட்டான்; எவெர்ட் ஜன்னல்களைத் திறந்துவைத்தான். பாய்லர் வந்த ஆண்டே சமையலறை விறகடுப்பைக் கழற்றி விற்றிருந்தார்கள். அதனால் ஹில்டிங்கும் மனைவி ரக்னாவும் ஒரே ஓர் அறையில், ஒரு மின்சார ஹீட்டருக்கு முன்னால் ஓவர்கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு ஹீட்டரைச் செருகினால் ஃபியூஸ் போனது. கடையில் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் சொல்வார்: “என்ன ஹில்டிங், நேத்து ரொம்பப் போட்டுட்ட போல. உன் தம்பி பனியனோட வாசல்ல நிக்கிறான்.”

இரண்டாவது குளிர்காலத்தில் எவெர்ட் வயலைக் கடந்து வந்தான். உள்ளே வரவில்லை, படிக்கட்டில் நின்று இருமினான்.

“அண்ணே, இந்தச் சூட்ட நான் கேக்கல. காட்டுல கிழிச்ச கோட்ட மாத்திப் போடுவோம். அவனவன் வெறகு அவனவன் வீட்டுக்குப் போவும்.”

“நீதானடா தேர்ந்தெடுத்த?”

“எனக்கு என்ன தெரியும்? நீ பக்கத்துலதான நின்ன.”

ஹில்டிங் கதவைச் சாத்தினான். ரக்னா எழுந்து பெட்டியை எடுத்தாள். “நான் அக்கா வீட்டுக்குப் போறேன். உனக்கு வெட்கமும் இல்ல, வெதுவெதுப்பும் இல்ல. ரெண்டுல ஒண்ணாவது இருந்தா இருந்திருப்பேன்” என்றாள்.

ஜனவரி பதினொன்றாம் தேதி, வெளியே மைனஸ் முப்பத்தெட்டு இருந்தபோது, ஹில்டிங் விறகு போடுவதை நிறுத்தினான். குழாய்களில் இருந்த தண்ணீரை வடித்தான், சாம்பலை வாரினான், புகைபோக்கியின் தட்டை மூடினான். யாருக்கு யார் சூடு கொடுப்பது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்று நினைத்தான். அதைத் தண்டனை என்று தனக்குள்ளேகூட அவன் சொல்லிக்கொள்ளவில்லை. சோதனை என்றுதான் சொல்லிக்கொண்டான். தினமும் ஹீட்டர் பக்கத்தில் நின்று வயலுக்கு அப்பால் பார்த்தான். இரண்டாம் நாள் கூரையில் சொட்டுவது நின்றது. மூன்றாம் நாள் அந்தப் புகைபோக்கியிலிருந்து கறுப்பாகக் கொஞ்சம் புகை வந்தது, பிறகு வரவில்லை. நான்காம் நாள் ஜன்னல்கள் உறைந்து வெளுத்தன. ஹில்டிங் ஒருமுறை பூட்ஸைப் போட்டான், கழற்றினான்.

ஆறாம் நாள் தேவாலயத்தில் கல்லறைக் குழி வெட்டும் ஹோல்கர் அந்தக் கதவைத் திறந்தார். எவெர்ட் நிலவறையில், பாய்லர் முன்னால், கையுறையோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே சதுப்பு நிலத்துப் பைன், ஈரம் காயாமல், ஓரம் மட்டும் கருகிக் கிடந்தது. தரையில் முப்பத்தாறு தீக்குச்சிகள். யார் வீட்டுக்காவது போயிருக்கலாமே என்றார்கள் ஊர்க்காரர்கள். போனால் ஏன் என்று கேட்பார்கள், அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும் என்று ஹோல்கர் சொன்னார்.

குளிர்காலத்தில் மண் இரும்பாகிவிடும் என்பதால் அங்கே சவப்பெட்டிகள் தேவாலயக் கொட்டிலில் மே மாதம்வரை காத்திருக்கும். எவெர்ட்டும் காத்திருந்தான். ரக்னா அடக்கத்துக்கு வந்தவள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். நவம்பரில் ஹில்டிங் மறுபடி நிலவறைக்கு இறங்கிப் பாய்லரைப் பற்றவைத்தான்.

“இப்ப எதுக்கு?” என்று ரக்னா கேட்டாள். அவன் இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினான். தண்ணீர் எட்டு டிகிரியில் நின்றது. இரண்டு நாள் கழித்து, கல்லறைத் தோட்டத்தில் எவெர்ட்டின் மேல் கிடந்த பனி உருகிப் புல் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குள் சுற்றிலும் ஆறு மீட்டர் பச்சையாகிவிட்டது. நடைபாதை சேறாகிறது என்று ஹோல்கர் முதலில் திட்டினார். ஜனவரியில் பள்ளி ஆசிரியை இறந்தபோது அந்த ஓரத்தில் மண்வெட்டியை வைத்துப் பார்த்தார், வெண்ணெய்போல இறங்கியது.

அதற்குப் பிறகு கிரான்விக்கில் எந்தச் சவப்பெட்டியும் மே மாதத்துக்குக் காத்திருக்கவில்லை. குளிர்காலத்தில் யாராவது இறந்தால் ஹில்டிங் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். பேசுவது ஹோல்கர்.

“ஹில்டிங்கா? வெள்ளிக்கெழம அடக்கம். கொஞ்சம் வடக்குப் பக்கம், தள்ளி. அதுவரைக்கும் சூடு எட்டுமா?”

“எப்பவும் போடறதுக்கு மேல பத்துக் கட்ட ஆவும்.”

“ஆளு உசரம்.”

“அப்ப பதினஞ்சு” என்பான் ஹில்டிங். ஓவர்கோட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, விறகுக் கூடையோடு நிலவறைக்கு இறங்குவான்.