நேரில் வந்த பின்னூட்டங்கள்

எக்ஸ்ரே டெக்னீஷியனின் வலைப்பூவுக்கு வந்துகொண்டிருந்த ஸ்பேம் பின்னூட்டங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நேரிலேயே வந்துவிட்டன. மொத்தம் பதினான்கு பேர். செருப்பை வாசலில் வரிசையாக விட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள் என்பதால் பெரிதாகக் குறை சொல்ல முடியவில்லை.

தப்பு அவருடையதுதான். சமூக வலைத்தளங்களால் மனிதர்கள் எப்படிக் கெட்டுப்போகிறார்கள் என்று ஆறு வருடமாக வாரம் ஒரு பதிவு எழுதினார். மனிதர் எவரும் படிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிவின் கீழும் யாராவது "அருமையான பதிவு, நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதி, ஏதோ ஒரு தைலத்துக்கு லிங்க் கொடுத்துவிட்டுப் போனார்கள். வலைப்பூக்காரர்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு, வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது. அவரும் ஒருவர் விடாமல் அனுமதித்து, "வருகைக்கு நன்றி, தொடர்ந்து வாருங்கள்" என்று பதில் போட்டார். தொடர்ந்து வந்தார்கள்.

முடி வளர்க்கும் தைலக்காரருக்குத் தலையில் ஒரு முடி கூட இல்லை. இளைக்கும் பொடிக்காரம்மா முதல் மாதத்திலேயே நாலு கிலோ ஏறினார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்னவர், அதற்கு இந்த வீட்டையே தேர்ந்தெடுத்துக்கொண்டார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. குக்கர் விசிலடித்தால் "பயனுள்ள தகவல்" என்றார்கள். குளியலறைக் கதவைத் தட்டி "சிறப்பான பகிர்வு" என்றார்கள். எட்டு மாதம் இப்படியே போனது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மனைவி, தினமும் கியரையும் கிளட்சையும் பொறுத்துக்கொள்கிறவர், ஒருநாள் சொல்லிவிட்டார். "என்னங்க, ஒண்ணு அவங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணுங்க. அண்ணன் வீட்டுக்குப் போனேன்னா திரும்பி வரமாட்டேன்."

"அவங்க மட்டும்தாம்மா படிக்கிறாங்க."

"ஏன், நான் படிச்சா ஆகாதா?"

"என்னைக்காவது படிச்சிருக்கியா?"

மனைவி கார் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினார். டெக்னீஷியன் சனிக்கிழமை காலை 'ஸ்பேம் தொல்லை' என்று ஒரு பதிவு எழுதினார். மாலையில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஸ்பேமைத் தடுக்கும் வடிகட்டியை நிறுவினார். பொத்தானை அழுத்தியதும் பதினான்கு பேரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சரியாகக் கழுவாத எக்ஸ்ரே பிலிம் போல வெளிறி, வாசற்படியில் மறைந்தார்கள். நல்ல செய்தியைச் சொல்ல மனைவியைக் கூப்பிட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மனைவியைக் காணவில்லை, அவருடைய செருப்பையும் காணவில்லை.

ஸ்பேம் பெட்டியைத் திறந்தார். பதினைந்து பின்னூட்டங்கள் இருந்தன. பதினைந்தாவது, காலையில் போட்ட பதிவுக்கு வந்தது: "எழுத்து நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம். ரெண்டாவது பத்தியில நான் சொன்ன ஜோக்கை உங்க ஜோக்குன்னு போட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல? நம்ம டிரைவிங் ஸ்கூல் லிங்கைக் கீழ குடுத்திருக்கேன், நாலு பேர் வரட்டும்."

லிங்க் இருந்ததால் வடிகட்டி மனைவியையும் பிடித்துப் போட்டிருந்தது. ஆறு வருடத்தில் வந்த முதல் மனிதப் பின்னூட்டம் அது. டெக்னீஷியன் அதை நான்கு முறை ரசித்துப் படித்த பிறகுதான் மனைவி காணாமல் போன விஷயம் அவருக்கு உறைத்தது.

வடிகட்டி பதினைந்தையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தது. மீட்டால் எல்லோரும் வருவார்கள், விட்டால் நள்ளிரவுக்குள் எல்லோரும் நிரந்தரமாக அழிந்துபோவார்கள். அவர் சுமார் ஒரு நிமிடம் யோசித்தார். அந்த ஒரு நிமிடத்தை மனைவி இன்றுவரை மன்னிக்கவில்லை. பிறகு 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்தினார்.

மனைவி முதலில் வந்தார், மற்றவர்கள் பின்னால். "உள்ள ஒரே இருட்டுங்க. நான் பயந்துடக் கூடாதுன்னு இவங்கதான் விடாம என்னைப் பாராட்டிக்கிட்டே இருந்தாங்க, பாவம். உங்க வாயிலிருந்து இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை வந்திருக்கா? போய் டீ போடுங்க, எல்லாருக்கும்."

அடுத்த வருடம் கணக்கெடுப்பு அதிகாரி வந்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். பதினாறு என்றார் மனைவி. இவர்களெல்லாம் என்ன உறவு என்று கேட்டதற்கு, வாசகர்கள் என்றார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லாததால், நெருங்கிய சொந்தம் என்று குறித்துக்கொண்டு அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார்.