கைரேகை பொருந்தாத கோப்பு

ஸ்மைலினுக்கு ஓரிடத்தில் இருந்து பழக்கம் கிடையாது. மார்த்தாண்டத்துக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும்போதுகூட வகுப்பின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவள் மழையில் ஸ்கூட்டரோடு சறுக்கி விழுந்து, கணுக்காலை முறித்துக்கொண்டு, அருமனை வீட்டில் பிளாஸ்டர் காலோடு கட்டிலில் கிடந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் புதிர்ப் போட்டி நடுவரின் மின்னஞ்சல் வந்தது.

அவளும் டிஜோவும் சேர்ந்து ஒரு செஸ் புதிர் அமைத்திருந்தார்கள். டிஜோவுக்குக் கடியப்பட்டணத்தில் ஐஸ் பிளான்ட். நாகர்கோவிலில் நடந்த ஒரு போட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து ஆடி, அப்படியே சிநேகிதமானவர்கள். பலகையில் எட்டே காய்கள். வெள்ளை ஆடி ஜெயிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்க வேண்டும், இரண்டாவது வழி இருந்தால் புதிர் செல்லாது. இதுதான் இந்த வகைப் புதிர்களின் சட்டம். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினார்கள். முதல் பரிசு என்று அறிவிப்பு வந்தது. டிஜோ சந்திப்பில் பிளெக்ஸ் வைத்தான். பங்குத்தந்தை பூசை முடிவில் அவன் பெயரைச் சொல்ல, கோயிலே கைதட்டியது.

ஆனால் பரிசை உறுதிசெய்யும் முன், குறை கண்டவர்கள் எழுதுவதற்கென்று ஒரு தவணை உண்டு. அது முடியப் போகிற வாரத்தில் போலந்துக்காரர் ஒருவர் பலகையில் ஆடிப் பார்த்து எழுதிவிட்டார்: கறுப்பு ஐந்தாவது நகர்த்தலில் யானையால் செக் வைத்தால் ஆட்டம் டிராவாகிறது, இந்தப் புதிரில் வெள்ளைக்கு வெற்றியே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று நடுவர் கேட்டிருந்தார்.

ஆறு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சும் ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா, டிராவா, தோல்வியா என்று கணினிகள் ஏற்கெனவே கணக்கிட்டு முடித்துவிட்டன. டேபிள்பேஸ் என்று அதற்குப் பெயர். ஒன்றிரண்டு நிலை என்றால் இணையத்தில் கேட்டாலே விடை வந்துவிடும். எட்டுக் காயில் தொடங்கிக் கிளை கிளையாகப் பிரியும் லட்சக்கணக்கான நிலைகளுக்கு அது ஆகாது. கோப்புகளை முழுதாக இறக்கி, நகர்த்தல்களை ஆராயும் நிரலான செஸ் எஞ்சினின் கையில் கொடுத்துவிட வேண்டும். பேட்டரி செத்த பழைய லேப்டாப்பில் ஸ்மைலின் இறக்கத் தொடங்கினாள். நூற்றுக்கணக்கான கோப்புகள். வெளியே மழை. ரப்பர் கிளை ஒடிந்து கேபிளில் விழும், நெட் போகும். நெட் வந்தால் கரண்ட் போகும். விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடிக்கும்படி வைத்துவிட்டு, திரையில் நகர மறுக்கும் பச்சைக் கோட்டையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்த ஷிபு, அவளுடைய கணவன், சோற்றுத் தட்டை மடியில் வைத்துக் கொடுத்தான். ரப்பர் ஷீட் வியாபாரிக்குச் செஸ்ஸில் குதிரை எப்படிப் போகும் என்பதுவரைதான் தெரியும்.

"ஏட்டி, நீ கண்ணு வச்சிட்டே இருந்தா அது சீக்கிரமா வருமா? சோத்தத் தின்னு."

"தொண்டையில எறங்க மாட்டேங்குவு. டிஜோ அண்ணன் காலைலேருந்து நாலு வாட்டி விளிச்சாச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாம் வந்து சேர்ந்தது. வந்த கோப்புகள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. அவள் அதற்கு நிற்கவில்லை. நேராக எஞ்சினைத் தட்டினாள். உச்சிப்பொழுதுக்குள் பதில் வந்தது. யானை செக். டிரா.

டிஜோவைப் போனில் அழைத்துச் சொன்னாள். பின்னால் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப அவரு சொன்னதுதான் சரியா டீச்சர்?"

"அப்படித்தான் காட்டுவு அண்ணே."

"எனக்க அம்மைக்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

போனை வைத்த பிறகும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்டருக்குள் கால் அரித்தது, சொறிய முடியவில்லை. சும்மா இருக்க மாட்டாமல், எஞ்சின் டிரா என்று சொன்ன கடைசி நிலையைச் செல்போனில் எடுத்து இணையத்தில் கேட்டாள். அது ஆறு காய் நிலை. இரு பக்கமும் ராஜா, யானை, ஒரு சிப்பாய்.

வெள்ளைக்கு வெற்றி என்றது செல்போன்.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரே நிலை, ஒரே கணக்கு. மடியிலிருந்த லேப்டாப்பில் ஒரு பதில், கையில் வேறு பதில். இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது.

அப்போதுதான் தவிர்த்துவிட்ட வேலைக்குத் திரும்பினாள். ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு நீண்ட எண்ணை வெளியிட்டிருப்பார்கள். கைரேகை மாதிரி, கோப்பில் ஒரு துளி மாறியிருந்தாலும் எண் மாறிப்போகும். டிஸ்கில் இருப்பதிலிருந்து அந்த எண்களைப் புதிதாகக் கணக்கிட்டு, வெளியிட்டவற்றோடு ஒப்பிடவிட்டாள். சரி, சரி, சரி என்று வரிகள் ஓடின. டிஸ்க் இரைந்தது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரு வரி மட்டும் வேறாக வந்தது. பொருந்தவில்லை. யானையும் சிப்பாயும் இரு பக்கமும் இருக்கும் அதே கோப்பு. நெட் போய்ப் போய் வந்ததில் எங்கோ ஒரு துண்டு கெட்டிருக்கிறது.

அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி இறக்கினாள். எண் பொருந்தியது. சனிக்கிழமை காலை எஞ்சின் புதிதாக ஓடியது. யானை செக் வைத்தாலும் வெள்ளைக்கே வெற்றி.

"டீச்சரே!" என்று டிஜோ போனில் அலறினான். "இப்பவே எழுதிப் போடு. அவரு வாயடச்சிப் போகட்டு!"

பதிலை எழுதத் தொடங்கினாள். எஞ்சினை நிறுத்தாமல் விட்டிருந்தாள். அது ஆராய்ந்துகொண்டே இருந்தது. பாதிக் கடிதத்தில் நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது நகர்த்தலுக்கு நேராக இரண்டு விடைகள் நின்றன. அவர்கள் விடையாக வைத்திருந்த ராஜா நகர்த்தல் ஜெயித்தது. சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாலும் ஜெயித்தது.

வேறு யாரும் இதைச் சொல்லவில்லை. போலந்துக்காரர் கேட்டது யானை செக்கைப் பற்றித்தான். அவள் மீண்டும் ஓட்டிப் பார்த்தாள். கோப்புகளைக் குற்றம் சொல்ல இம்முறை வழியில்லை. எல்லாம் சரிபார்த்தவை.

ஷிபு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டான்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னா போராதா மக்கா?"

"போரும். ஆனா எனக்கு உறக்கம் வராதே."

"அப்ப சொல்லிரு. உனக்க கூடக் கெடந்து நானும்லா முழிச்சிருக்கணும்."

டிஜோவிடம் சொல்வதுதான் பாடாக இருந்தது. அவன் முதலில் கோபப்பட்டான். எஞ்சினைத் திட்டினான், அவளையும் திட்டினான். "அந்தக் கோப்ப ஏன் நோண்டுன நீ?" என்றான். பிறகு அந்த நகர்த்தலைத் தன் பலகையில் வைத்துப் பார்த்துவிட்டு அவனே திரும்ப அழைத்தான். குரல் இறங்கியிருந்தது.

"ஜெயிக்கத்தான் செய்யுது டீச்சர். எழுதிப் போடு. பிளெக்ஸ நான் அவுத்துக்கிடுதேன்."

யானை செக் டிரா அல்ல என்பதையும், தங்கள் புதிர் வேறு காரணத்தால் செல்லாது என்பதையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினாள். நடுவர் மறுநாளே நன்றி சொல்லிப் பதில் எழுதினார். பரிசுப் பட்டியலிலிருந்து புதிர் நீங்கியது.

திங்கட்கிழமை டிஜோ பைக்கில் அருமனை வந்தான், இலையில் பொதிந்த நெய்மீன் துண்டுகளோடு. மீனை ஷிபுவின் கையில் கொடுத்துவிட்டு, கட்டில்மேலேயே பலகையை விரித்தான்.

"கறுப்பு ராஜாவ ஒரு கட்டம் அங்கோட்டு வச்சா சிப்பாய் ஓடாதுல்லா?"

"அப்ப முதல் நகர்த்தலே கெட்டுப்போவும் அண்ணே. சிப்பாயத்தான் மாத்தணும்."

மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒவ்வொன்றையும் எஞ்சின் உடைத்தது. மீன் பொரிக்கும் மணம் வந்தபோது ஷிபு எட்டிப் பார்த்தான்.

"இப்ப யாரு ஜெயிக்கா?"

"வெள்ளை," என்றாள் ஸ்மைலின்.

"அது முந்தாநாளும் ஜெயிச்சுதே!"

டிஜோ சிரித்த சிரிப்பில் காய்கள் சரிந்தன. எடுத்து அடுக்கும்போது ஸ்மைலின் கறுப்புச் சிப்பாயை ஓர் ஓரத்துக்குத் தள்ளி வைத்துப் பார்த்தாள். எஞ்சினில் மூன்றாவது நகர்த்தலுக்கு ஒரே விடைதான் நின்றது. இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தபோதும் அதே ஒரு விடைதான்.

அந்தப் புதிர் அடுத்த வருடம் வேறொரு போட்டியில் மூன்றாம் பரிசு பெற்றது. தவணை முடியும்வரை யாரும் அதில் குறை காணவில்லை.