பயூமியின் வாயும் மீட்டர் காட்டிய கணக்கும்

என் கணவர் ஸக்லூலுக்குக் கோபம் வந்தால் எதிரில் இருப்பவரைத் திட்டமாட்டார். என்னை வைத்துத்தான் சத்தியம் செய்வார். கடைக்காரன் விலையைக் குறைக்காவிட்டால் என் மனைவி தலாக். விருந்தாளி இன்னொரு தட்டுச் சோறு சாப்பிடாவிட்டால் என் மனைவி தலாக். எகிப்தில், எங்கள் புருல்லுஸ் ஏரிக்கரையில் பாதி ஆண்கள் இப்படித்தான். என் குடும்பம் பிழைக்கட்டும் என்று எத்தனையோ விருந்தாளிகள் மூச்சு முட்டச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

அன்று காலை அவர் கோபம் பயூமி மேல். எங்கள் மீன் குளங்களில் ஆக்சிஜனை அளப்பது பயூமியின் வேலை. ஒயரைப் பிடித்து மீட்டரின் முனையைத் தண்ணீரில் விட்டால் போதும், அவன் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மச்சினன் கல்யாணம், மச்சினனின் கழுதை, கழுதையின் பல்வலி.

“இந்தக் கரையில நின்னு இவன் இன்னும் ஒரு வார்த்தை பேசினான்னா, என் பொண்டாட்டி தலாக்!” என்று கத்தினார் ஸக்லூல்.

இருபத்திரண்டு வருஷத்துக் குடித்தனம். அதைக் கொண்டுபோய் பயூமியின் நாக்கில் தொங்கவிட்டுவிட்டார் மனிதர்.

ஆனால் பயூமி நல்லவன். மறுநாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, கையை விறைப்பாக வைத்துக்கொண்டு கம்பம் மாதிரி நின்றான். வழக்கமாக ஐந்தரை காட்டும் மீட்டர் ஐந்து காட்டியது. பிறகு நாலு, மூன்று, இரண்டு.

“ஐயோ, மீனெல்லாம் செத்துரும்!” ஸக்லூல் தண்ணீரில் காற்றைக் கலக்கும் துடுப்புச் சக்கரங்கள் எல்லாவற்றையும் ஓடவிட்டார். மீட்டரைப் பராமரிப்பவள் நான் என்பதால் பழி என் மேல் விழுந்தது. “உம்மு ஷுக்ரி, முனையோட மூடிக்குள்ள இருக்கிற ஸ்பாஞ்சைக் காயவிட்டுட்டியா?”

காயவிடவில்லை. இருந்தாலும் முனையில் ஆக்சிஜனை உள்ளே விடும் பழைய சவ்வைக் கழற்றி, முனையைக் கழுவி, புதுச் சவ்வுக்குள் கரைசல் ஊற்றி, குமிழி நிற்காமல் தட்டித் திருகினேன். ஈர ஸ்பாஞ்சு மூடிக்குள் வைத்துச் சரிபார்த்தேன். கச்சிதம். பயூமி தண்ணீரில் விட்டதும் மறுபடி ஐந்து, நாலு, மூன்று. ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. ஆக்சிஜன் அவ்வளவு குறைந்தால் ஜிலேபி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். ஒன்றுகூட வரவில்லை.

மூன்றாம் நாளும் அதே கதை. நாலு, மூன்று என்று இறங்கும்போது பயூமியின் கண் எங்களுக்குப் பின்னால் போய் நின்றது. வாயைத் திறக்கப் போனவன் என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான். இடது கையால் தலையில் கொம்பு வைத்தான். தாடையை அசைத்து மென்று காட்டினான். தன் அங்கியைப் பிடித்து இழுத்தான். பதற்றத்தில் ஒயர் பிடித்த வலது கை தண்ணீரை அலசு அலசென்று அலசியது.

“என்னடா? வாயைத் தொறந்து சொல்லித் தொலையேன்!” என்றார் ஸக்லூல். தன் சத்தியத்தை அவரே மறந்துவிட்டார்.

“வல்லாஹி, அல்லா மேல ஆணை, பயூமி, வாயைத் தொறந்தா உன்னைக் குளத்துல தள்ளிருவேன்!” என்று அலறினேன் நான்.

திரும்பிப் பார்த்தால், கொடியில் காய்ந்த ஸக்லூலின் வெள்ளிக்கிழமை அங்கியை எங்கள் எருமை மென்றுகொண்டிருந்தது. ஒரு கை முழுதாக உள்ளே போய்விட்டது. அவர் ஓடினார். நான் ஓடவில்லை. மீட்டரில் ஐந்தரை.

“பயூமி, ஆட்டாதே.” நிறுத்தினான். நாலு.

“ஆட்டு.” ஐந்தரை.

மிச்ச அங்கியோடு ஸக்லூல் திரும்பி வந்ததும் சொன்னேன். “இந்த முனை தன் மூக்குக்கிட்ட இருக்கிற ஆக்சிஜனைத் தானே தின்னுரும். ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் புதுத் தண்ணி வரும். பெட்டியோட வந்த தாள்லயே போட்டிருக்கு. பயூமி பேசறப்போ கையும் சேர்ந்து பேசுமே, அதனால யாரும் அதை ஞாபகம் வச்சுக்க வேண்டி வரலை. நீங்க வாயைக் கட்டினீங்க, கையும் கட்டிப்போச்சு.”

“அப்ப மீனுக்கு ஒண்ணும் இல்லையே?”

“மீனுக்கு என்ன? மூணு நாளா நான்தான் செத்துச் செத்துப் பிழைச்சேன். சவ்வு கிழிஞ்சா வேற மாத்திக்கலாம். நான் என்ன சவ்வா?”

ஸக்லூலின் முகம் தொங்கிப்போனது. உண்மையாகவே வருந்தினார். ஒற்றைக் கை அங்கியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையை உயர்த்தினார்.

“இனிமே தலாக்னு நான் சத்தியம் பண்ணினேன்னா, என் பொண்டாட்டி தலாக்!”

பயூமி ஒரு கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு குலுங்கினான். மறு கையில் ஒயரும் குலுங்கியது. மீட்டர் ஐந்தரையில் அசையாமல் நின்றது.