கமான் பட்டைச் சத்தம்

கண்ணையனின் பிக்கப் வண்டி விழுப்புரத்தில் கிளம்பினால் விக்கிரவாண்டிக்காரனுக்குக் காது வலிக்கும் என்று லாரி ஸ்டாண்டில் கேலி பேசுவார்கள். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட வண்டி. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் கமான் பட்டைகள் ஒன்றோடொன்று உரசி, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கத்தித் தீர்க்கும். கண்ணையன் அதைச் சட்டை செய்யவில்லை. பெண்சாதி அஞ்சம்மாள் செத்துப்போன பிறகு வீட்டில் சத்தம் போட ஆளில்லை. வண்டியாவது போடட்டுமே என்று விட்டிருந்தார்.

சனிக்கிழமைதோறும் திண்டிவனத்துக்கு லோடு. சரக்கை இறக்கிவிட்டு நேரே மகள் வீடு. அம்சவள்ளி வாசலிலேயே நிற்பாள்.

"தெருமொனைலயே சத்தம் கேட்டுதுப்பா."

வாராவாரம் இதே சொல்தான். மாப்பிள்ளை சீனுவாசன் மட்டும் எப்போதும் கழனிக்குப் போயிருப்பார். பாவம், உழைக்கிற பிள்ளை என்று கண்ணையன் மெச்சிக்கொள்வார். வண்டிக் கதை, அஞ்சம்மாள் கதை எல்லாம் மகளிடம் பேசி முடித்து, பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார்.

அந்தச் சொல் ஒருநாள் அவருக்குச் சுருக்கென்றது. தூளியில் பேத்தி தூங்குகிறதே, பெண் வாய்விட்டுக் குறை சொல்ல முடியாமல்தான் இப்படிச் சொல்கிறாளோ?

மல்லாட்டை காலம் வந்தது. கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சினை டிரெய்லரில் ஏற்றி இழுக்கும் வேலையும் கிடைத்தது. பழைய பட்டைகள் அந்தப் பாரத்தைத் தாங்காது. மெக்கானிக் சவுரிராயன் இரண்டு பக்கமும் கூடுதல் பட்டை சேர்த்து, பின்னால் கொக்கி மாட்டினான்.

"சத்தமும் வரக்கூடாதுப்பா. கொழந்த முழிச்சிக்கும்."

"பட்ட முனைங்களுக்கு நடுவுல டயர் ரப்பர வச்சிடறேங்க. பூனையாட்டம் போவும்."

பூனை மாதிரிதான் போனது. அடுத்த சனிக்கிழமை டிரெய்லரை மண்டியில் கழற்றிவிட்டு மகள் தெருவுக்குள் நுழைந்தார். லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும் தெரு. எஞ்சின் சத்தத்தை வைத்து யார் வண்டி என்று சொல்ல முடியாது. வாசலில் அம்சவள்ளி இல்லை. அவளை அசத்திவிடும் ஆசையில் கண்ணையன் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு ஓசைப்படாமல் நடந்தார். சன்னலோரம் வந்ததும் கால் நின்றுவிட்டது.

"ஜல்தி சோத்தப் போடு. உங்கப்பா வண்டி கத்தறதுக்குள்ள பின்பக்கமா கெளம்பிடறேன். உக்காந்தாருன்னா அத்த கதய ஆரம்பிச்சிடுவாரு, பேஜாரு."

"காதைக் குடுத்துக்கினுதான இருக்கேன். சத்தம் வந்தா சொல்லமாட்டனா? பொறுமையா துண்ணுங்க."

கண்ணையன் சன்னலை விட்டு விலகி வந்தார். மாப்பிள்ளை பேச்சைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெண் குரலில் கோபமில்லை, கூச்சமில்லை. ரொம்ப நாள் பழக்கம்தான் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் அவள் வாசலில் நின்றது காவலுக்கு.

ஊருக்கே திரும்பிவிடலாமா என்று நினைத்தார். விழுப்புரத்தில் பூட்டிய வீட்டைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

வண்டியைத் தெருமுனைக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தினார். ஜாக்கி போட்டுச் சட்டத்தைத் தூக்கியதும் பட்டைகள் தொங்கி இடைவெளி விட்டன. கடப்பாரையால் நெம்பி ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். அவசரப்படவில்லை. ஒருத்தன் குழம்பு ஊற்றித் தின்று, ரசம் ஊற்றித் தின்று, மோரும் குடித்துக் கை கழுவ வேண்டாமா?

பிறகு கிளம்பி, முனையில் இருந்த பள்ளத்தில் வேண்டுமென்றே சக்கரத்தை இறக்கினார். வண்டி கத்தியது.

அம்சவள்ளி சிரித்த முகமாக வாசலில் நின்றாள். "தெருமொனைலயே சத்தம் கேட்டுதுப்பா."

"மாப்பிள்ள?"

"கழனிக்குப் போயிருக்காருப்பா."

கண்ணையன் கையிலிருந்த கரியைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"வயிறு நெறைய சாப்ட்டுட்டுப் போனாராம்மா?" என்று கேட்டார்.