யார், யாரிடம் கூறியது?

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகிவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் மோதிர விரலின் நடு மூட்டைத் தட்டிக் காட்டினார்.

"இது நேத்து உடைஞ்சதில்லை சார். உடைஞ்சு, அதுவாவே சேர்ந்து, கோணலா சேர்ந்திருக்கு. மூணு வாரமாவது ஆகியிருக்கும்."

நிருபருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருடமாக ஒரே நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதி வருகிறவர் அவர். தெருவில் மட்டுமல்ல, மாமியார் வீட்டிலும் அவருக்கு நிருபர் என்றே பெயர். விஷயம் தெரியாமல் ஒருவர் பேசினால் அவருக்குப் பொறுக்காது. நேற்று மாலைப் பயிற்சியில் பந்து பட்டு விரல் வீங்கியது என்று மகள் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். இந்த டாக்டர் என்னடாவென்றால் கதை அளக்கிறார்.

டாக்டர் அவரை விட்டுவிட்டு மகளிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எத்தனை நாளாச்சு?"

மகளுக்கு வயது பதின்மூன்று. வீட்டில் கூப்பிடும் பெயர் வாண்டு. பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அவள் அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்: "இருபத்திரண்டு நாள்."

"இத்தனை நாள் ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் இல்லை; கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "வலி விரலுக்குத்தான் டாக்டர், ஆட்டத்துக்கு இல்லை."

டாக்டர் சிரித்துவிட்டார். "அட, கோல்கீப்பர் சுவர் சொன்னதாச்சே. என் பையனுக்கு நானே அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

நிருபரின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் அந்த வாக்கியத்தைச் சுவர் சொல்லவில்லை. எவரும் சொல்லவில்லை. பதினான்கு வருடத்துக்கு முன்பு ஒரு மாலையில், அரங்கத்தின் செய்தியாளர் அறையில், பாதி ஆறிப்போன காபியை வைத்துக்கொண்டு அதை எழுதியவர் அவர்தான்.

அன்று இறுதிப் போட்டி. கொட்டுகிற மழையில் கோல்கீப்பர் ஒருவன் அடுத்தடுத்து இரண்டு பெனால்டியைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றியபோது அவன் வலது மோதிர விரலில் ஒரு பிளாஸ்திரி இருந்ததை நிருபர் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன்: பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்திக்கு இடம் காலியாக இருக்கிறது, பதினைந்து வரி வேண்டும், அரைமணியில் வேண்டும். அவனிடம் போய் விரலுக்கு என்னப்பா என்று கேட்டிருக்கலாம். அவன் பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். நிருபர் கேட்கவில்லை. முதல் பாதியிலேயே எலும்பு முறிந்ததென்றும், பயிற்சியாளருக்குக்கூடத் தெரியாமல் கையுறைக்குள் மறைத்துக்கொண்டு ஆடினானென்றும் கண் காது மூக்கு வைத்து எழுதினார். பதினான்கு வரிதான் வந்தது. பதினைந்தாவதாக அந்த வாக்கியத்தைப் போட்டு, 'சுவர்' என்று தலைப்பும் கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கெல்லாம் அவன் சுவர்தான்.

மறுநாள் காலை அவனே போன் செய்தான். "அண்ணே, அது எலும்பெல்லாம் இல்லண்ணே. தகர டப்பா மூடி கீறினது."

"அச்சாயிடுச்சேப்பா."

"சரி, விடுங்க. நல்லாத்தான் இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவ்வளவுதான், விஷயம் அத்தோடு முடிந்தது என்று நிருபர் நினைத்தார். முடியவில்லை. பெட்டிச் செய்தி வார இதழுக்குப் போனது, மேடைப் பேச்சுக்குப் போனது, கடைசியில் ஏழாம் வகுப்பு மொழிப் பாடநூலில் 'வலியை வென்றவர்' என்று பதினோராம் பாடமாகவே போய் உட்கார்ந்துகொண்டது. அப்போதாவது அவர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்து, மூலக் கட்டுரை என்னுடையது என்று சொல்வதற்காகத் திறந்தார். வாண்டுவுக்கு ஆறு வயதானபோது அவளை மடியில் உட்கார வைத்து, கோல்கீப்பர் குரல், பயிற்சியாளர் குரல் என்று மாற்றி மாற்றி அந்தப் பாடத்தை வாசித்துக் காட்டினார். போன வருடப் பரீட்சையில் அந்த வாக்கியத்தைக் கொடுத்து 'யார், யாரிடம் கூறியது?' என்று கேட்டிருந்தார்கள். சுவர், தன் பயிற்சியாளரிடம் கூறியது என்று எழுதி வாண்டு இரண்டுக்கு இரண்டு வாங்கினாள். விடைத்தாளில் கையெழுத்துப் போட்டவர் யார்? இவரேதான்.

டாக்டர் விவரம் சொன்னார். கோணலாகச் சேர்ந்த எலும்பை மறுபடி உடைத்து, நேராக வைத்து, கம்பி போட வேண்டும். வியாழக்கிழமை காலை செய்துவிடலாம். அதற்குப் பிறகும் விரல் முழுதாக மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது. கோல்கீப்பிங் பற்றி ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம்.

"சரி டாக்டர்," என்றாள் வாண்டு. கண்கூட இமைக்கவில்லை.

வீட்டில் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தபால் நிலையத்தில் நாள் முழுக்க அடுத்தவர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள் அவள். "கையெழுத்து ஏன்டி கோழி கிண்டின மாதிரி இருக்குன்னு திங்கட்கிழமைகூடத் திட்டினேனே. மூணு வாரமா ஸ்பூன்லயே சாப்பிடறா, புது ஸ்டைல்னு நாம சிரிச்சோமே. பெத்தவங்களா நாம?" கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அழுகை கோபமாக மாறியது. "எல்லாம் அந்தக் கோல்கீப்பரால வந்தது. விரலை உடைச்சுக்கிட்டு வாயை மூடிட்டு ஆடினானாம், அதைப் புள்ளைங்களுக்குப் பாடமா வேற வெச்சிருக்கானுங்க."

இதுதான் சமயம். சொல்லியிருக்க வேண்டும். நிருபரும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். ஆனால் வந்ததென்ன?

"நான் எப்பவும் சொல்றதுதான். ஆட்டக்காரனை ஆட்டக்காரனாப் பார்க்கணும். பந்து பிடிக்கத் தெரிஞ்சவனைப் பார்த்துப் பந்து பிடிக்கக் கத்துக்கலாம், வாழக் கத்துக்க முடியுமா? இந்த நடிகனுங்க, ஆட்டக்காரனுங்க எல்லாரையும் தூக்கித் தலையில வெச்சுக்கிட்டா இப்படித்தான்."

ஐந்து நிமிடம் பேசினார். தலையங்கம் மாதிரி கோவையாக இருந்தது. மனைவி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். பேசி முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்காமல் முகம் கழுவினார். செய்தது ஒரு தப்பு, அதை இன்னொருவன் தலையில் கட்டியது இரண்டாவது தப்பு. இரண்டாவதுதான் அதிகமாகக் கூசியது.

மறுநாள் அவர் சுவரைப் பார்க்கப் போனார். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தை வளைத்துப் பயிற்சி மையம் நடத்துகிறான். தொப்பை போட்டுவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, விசிலை மட்டும் விடவில்லை. நிருபர் விஷயத்தைச் சொன்னதும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"எந்த விரல்?"

"மோதிர விரல். வலது."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். கீறிய தழும்புகூட இல்லாத கை.

"நீதான்ப்பா அவகிட்ட சொல்லணும்," என்றார் நிருபர். "நீ சொன்னா நம்புவா."

"நான் சொல்லணுமா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "அண்ணே, எனக்குப் பந்து பிடிக்க வரும். அது ஒண்ணுதான் வரும். என்னைப் பார்த்து ஊர்ப் புள்ளைங்க நடந்துக்கணும்னு நான் கேட்டேனா? நீங்கதான் எழுதினீங்க. சரி, நானும் யோக்கியன் இல்லை. எத்தனையோ பள்ளிக்கூடத்துல மேடையேறி இதே கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கேன். போன வருஷம் இங்கேயே ஒரு பொண்ணு கணுக்கால் சுளுக்கை மறைச்சு ஆடிட்டா. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை. ஆனா மறுவாரம் வேற பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்க, போய் அதையே சொன்னேன்."

பிறகு அவன் போனை எடுத்தான். "நம்பரைச் சொல்லுங்க."

ஸ்பீக்கரில் போட்டான். சுவர் பேசுகிறேன் என்றதும் மறுமுனையில் மூச்சே நின்றுவிட்டது. அவன் ஒளிவு மறைவில்லாமல் சொன்னான்: விரல் உடையவில்லை, தகர டப்பா மூடி கீறியது, அந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை, வலித்திருந்தால் முதல் ஆளாக வெளியே வந்திருப்பேன். வாண்டு எல்லாவற்றுக்கும் 'சரி சார், சரி சார்' என்றாள். நிருபருக்கு அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்குப் போனபோது அவள் முகம் ஜொலித்தது.

"அப்பா, சுவர் எனக்குப் போன் பண்ணார். எனக்கு! எவ்ளோ தன்னடக்கம் தெரியுமா? விரல் உடையவே இல்லைன்னு சொல்றார். நான் மனசு ஒடிஞ்சு போயிடக் கூடாதுன்னு சும்மா சொல்றார்ப்பா. அவர் சொன்னதையே சொல்லலைங்கறார். இப்படி ஒரு மனுஷனா?"

நிருபருக்கு அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அதுவும் பெருமையில் சேர்ந்துவிடுகிற அளவுக்கு அந்தப் பொய்யை அவர் நன்றாக எழுதியிருந்தார். அதை இடிக்க சுவரால் முடியாது. கட்டியவன்தான் இடிக்க வேண்டும்.

மேஜையிலிருந்த பழைய பாடநூலை எடுத்துப் பதினோராம் பாடத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தார். மனைவியையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"இதை எழுதினது நான்தானே. நான் அவனை எதுவும் கேட்கலைம்மா. பிளாஸ்திரியைப் பார்த்தேன், எழுதிட்டேன்."

வாண்டு அவரையே பார்த்தாள். பிறகு கணக்கு வாத்தியார் சரிபார்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டாள். "மழை பெஞ்சதா?"

"பெஞ்சது."

"ரெண்டு பெனால்டி?"

"தடுத்தான். அதெல்லாம் உண்மை."

"வலி விரலுக்குத்தான்னு சொன்னது?"

"யாரும் யார்கிட்டயும் சொல்லலை. ஒரு வரி குறைஞ்சது, போட்டேன்."

மனைவி எழுந்து உள்ளே போனாள். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிருபருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வாண்டு வீங்கிய விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டாள். "பந்து படுறப்பெல்லாம் எனக்கு உயிர் போகும்ப்பா. அப்போ அதைத்தான் சொல்லிக்குவேன். சொன்னா கொஞ்சம் தாங்க முடியும்."

இதை எப்படிச் சொல்வது? அந்த நொடியில், தன் வாக்கியம் அவ்வளவு வேலை செய்ததே என்று நிருபரின் மனதின் ஒரு மூலையில் சின்னதாய் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை உணர்ந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"இதையும் பேப்பர்ல எழுதுங்க," என்றாள் அவள். "எங்க டீம்ல எல்லாரும் அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

செய்தி ஆசிரியர் முதலில் முகம் சுளித்தார். பதினான்கு வருடத்துக்குப் பிறகு எதற்கய்யா வம்பு என்றார். நிருபர் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியில் அதே பக்கத்தில், அதே இடத்தில், பதினைந்து வரிக்கு ஒரு பெட்டி கிடைத்தது.

புதன்கிழமை மாலை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பும் முன் வாண்டுவிடம் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை மருத்துவமனை. அவளுடைய பை வாசலில் தயாராக இருந்தது. அவள் பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். டப்பா மூடி இருந்தது, கேட்காமல் எழுதியது இருந்தது, சிரித்தது இருந்தது. பன்னிரண்டாவது வரியில் பென்சில் நின்றது.

"'வலி தாங்க முடியாமல் என் மகள் என்னைக் கட்டிக்கொண்டு கதறி அழுதாள்'னு போட்டிருக்கே. நான் எங்கப்பா அழுதேன்?"

"அது... படிக்கிறவங்க மனசுல படணுமேன்னு..."

பாதியிலேயே நின்றுவிட்டது. வாண்டு பென்சிலை நீட்டினாள். அவர் வாங்கி அந்த வரியை அடித்தார். காது மடல் வரை சூடேறியது.

"வேற ஏதாவது இருக்கா?"

"இல்லை," என்றார், பழக்க தோஷத்தில். தாளைத் திருப்பிக் கொடுக்கப் போன கை பாதி வழியில் நின்றது. சமையலறை வாசலில் மனைவி வந்து நின்றிருந்தாள்.

"ஒண்ணு இருக்கு," என்று மெல்லச் சொல்லிவிட்டு, 'அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை' என்றிருந்த கடைசி வரியையும் அடித்தார். அந்த வாரம் முழுக்க அவர் நன்றாகத்தான் தூங்கியிருந்தார்.