ஜெஸிமாவின் காருக்கு நாலு அங்குலத் தார்

2024ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த தௌசீஃப், தன் வீட்டு முற்றத்தில் ஒன்பது வருஷமாக நின்றிருந்த காரின் அடியிலிருந்து நான்கு கருங்கற்களையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். கார் கீழே இறங்கவில்லை. ஜாக்கியையும் எடுத்துப் பார்த்தான். அப்போதும் இறங்கவில்லை. நான்கு டயர்களுக்கும் தரைக்கும் நடுவே பதினான்கு அங்குலத்துக்கு வெறும் காற்றுதான் இருந்தது. தௌசீஃபின் தாயார் மெஹபூப் பீ, இத்தனை வருஷம் பெருக்க முடியாமல் கிடந்த இடம் என்பதால், துடைப்பத்தை அடியில் விட்டு மூலைவரை சுத்தமாகப் பெருக்கி முடித்தார். குப்பையை வாரி வெளியே கொட்டிவிட்டு வந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. "இன்னாடா இது? கல்ல எடுத்துட்ட, வண்டி அப்டியே நிக்குது?" என்று கேட்டார். தௌசீஃப் பானட்டை ஒரு விரலால் தள்ளினான். கார் ஒரு ஜாண் தூரம் நகர்ந்து நின்றது.

தௌசீஃப் காந்தி பஜாரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவன் மனைவி ஜெஸிமா ஆட்டோவுக்கும் டிராக்டருக்கும் சீட் தைப்பவள். அவள் போடும் தையல் பிரிந்ததாக இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. இரண்டு வயதில் போலியோ வந்து அவளுடைய இடது கால் சூம்பிவிட்டது. 2015இல் தௌசீஃபோடு தொண்டூர் தனகோட்டியின் டிராக்டருக்கு சீட் அளவெடுக்கப் போனபோது மாட்டுக் கொட்டகையின் மூலையில் இந்தக் காரைப் பார்த்தாள். இரண்டே சீட், கூரை கிடையாது, கம்பி பின்னிய சக்கரங்கள், 1962இல் இங்கிலாந்தில் செய்தது. அந்தக் கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழி இரை பொறுக்க இறங்கும் வரை ஜெஸிமா காத்திருந்தாள், முட்டைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். அதுவரை அவள் எந்த வண்டியிலும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாராவது ஏற்றிக்கொண்டு போவார்கள், யாராவது இறக்கி விடுவார்கள். "ஏங்க, இத எடுத்துக்கலாம்" என்றாள். ஓடாது என்றான் தௌசீஃப். "ஓட வைக்கலாம். நாந்தான் ஓட்டுவேன்" என்றாள். இரண்டு போகத்துக்கு டிராக்டர் ரிப்பேரெல்லாம் காசில்லாமல் செய்து தருவதாகப் பேசி, காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். முட்டைகளை மட்டும் தனகோட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

வந்த அன்றே டயர் நான்கும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டதால், காரைத் தற்காலிகமாகக் கல்லின் மேல் தூக்கி வைத்தார்கள். நம் ஊரில் தற்காலிகம் என்றால் எவ்வளவு காலம் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அளவு டயர் மெட்ராஸிலும் கிடைக்கவில்லை, கோயம்புத்தூரிலும் கிடைக்கவில்லை. டயர் வரட்டும் என்று மற்ற வேலைகளைப் பார்த்தார்கள். இன்ஜினைக் கழற்றி, சமையலறையில் மெஹபூப் பீயின் அலுமினிய அண்டாவிலேயே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தார்கள். அந்த அண்டாவுக்காக நடந்த சண்டை தனியாக எழுத வேண்டியது. துருப்பிடித்த இடமெல்லாம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார்கள், டிங்கர் வேலை முடிந்து பட்டி பார்க்கவே இரண்டு கோடை போனது. மருதாணி பிடித்த கையைக் காட்டி, இந்தச் சிவப்புதான் வேண்டும் என்றாள் ஜெஸிமா. இடது காலால் கிளட்சை மிதிக்க முடியாது என்பதால் அதைக் கைக்கு மாற்றினார்கள். கியர் குமிழுக்குப் பக்கத்தில், சுண்டு விரல் பலத்தில் இழுபடும்படி ஒரு நெம்புகோல் வேண்டும். தௌசீஃப் லேத்தில் பதினேழு நெம்புகோல் கடைந்தான். பதினாறை ஜெஸிமா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பதினேழாவதைப் பிடித்துப் பார்த்தவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாவது வருஷம் டயர் வந்தது, அதை மாட்டிவிட்டுத்தான் அந்த வெள்ளிக்கிழமை தௌசீஃப் கல்லை உருவினான்.

இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் பள்ளிவாசல் புறாக்கள் மொத்தமாக எழும்பிப் போய் ஊர்க் கோட்டை இருக்கும் கிருஷ்ணகிரி மலைமேல் உட்கார்ந்தன. ஜெஸிமா சிரித்த சிரிப்பு தெருக்கோடி வரை கேட்டது. கியரைப் போட்டு நெம்புகோலை விட்டாள். பின்சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டேயிருந்தன, கார் இருந்த இடத்தில் இருந்தது. பிடித்துக்கொள்ளத் தரை இல்லாமல் சக்கரம் என்ன செய்யும்? பளுவேற்றிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்ன தனகோட்டி, பதினாறு மூட்டை நெல்லை அனுப்பி வைத்தார். பெயின்ட் கீறாமல் ஜமக்காளம் விரித்து மூட்டைகளை அடுக்கினார்கள். கார் மயிரிழை அளவுகூட அழுந்தவில்லை. அதே மூட்டைகளை நெல் விற்கும் கமிட்டியில் எடை போட்டபோது எடை சரியாகத்தான் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தார்கள், குமிழி நட்ட நடுவில் நின்றது. கோட்டையிலிருந்து கல் எடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டு ஒரு காவலாளி வந்தார். கீழே கிடந்த கற்களைப் புரட்டிப் பார்த்து, இது கோட்டைக் கல் இல்லை என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். மேலே நின்ற காரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் தனகோட்டி சொன்னதையே ஊர் ஏற்றுக்கொண்டது. "ஒம்போது வருசம் ஒரே ஒசரத்துல நிக்க வெச்சிட்டீங்க. அதுக்குப் பழகிப் போச்சு. கட்டுத்தறி மாட்ட அவுத்து வுட்டாலும் அங்கியேதான நிக்கும்?" என்றார் அவர்.

அதன் பிறகு கூட்டம் வரத் தொடங்கியது. மண்டகப்பட்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். கோட்டை பார்க்க வந்தவர்கள் பாதி மலை ஏறிவிட்டு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று இறங்கி வந்தார்கள். காருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்கள், குனிந்து படம் எடுத்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். ஜெஸிமா வெளியே வருவதை நிறுத்திக்கொண்டாள். அந்தப் பார்வையை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் காலை நின்று பார்த்துவிட்டு, வழி மட்டும் விடாமல் போனவர்கள் அதே உச்சுத்தான் கொட்டினார்கள். ஓட்டுவதற்காகச் செய்த வண்டியும் இப்படி வேடிக்கைப் பொருளாகிவிட்டதே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பதினேழாவது நெம்புகோலைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் கடற்கரையோரம் ரிசார்ட் கட்டும் ஒருவர் வந்து பார்த்தார். வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் காரை நிறுத்தி, அடியில் விளக்குப் போடப் போவதாகச் சொன்னார். தன் சின்ன மகன் அக்மலுக்கு நோன்புப் பெருநாள் கழிந்ததும் கல்யாணம், முற்றத்தில் ஓர் அறை எழுப்பியாக வேண்டும் என்ற கவலையில் இருந்த மெஹபூப் பீ வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வரும் என்று பேச்சு. "மாமி, கூண்டுல வெக்கிறதுக்கா செஞ்சோம்?" என்றாள் ஜெஸிமா. "ஓடலியே ஜெஸிமா. நானா வாணாங்கிறேன்? ஓடுச்சுன்னா நீயே வெச்சிக்க, அக்மலுக்கு மாடியில கட்டிக்கிறேன். ஓடலன்னா ஞாயித்துக்கெழம குடுத்துரணும்" என்றார் மெஹபூப் பீ. அவரும் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை கான்ட்ராக்டர் வெற்றிவேல் ரோடு போட வந்தார். தேர்தல் தேதி அறிவிக்கப் போகிறார்கள் என்றால் நம் தெருவுக்கு ரோடு வந்துவிடும். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்கிற வழக்கம் வெற்றிவேலுக்குக் கிடையாது. போன தேர்தல் ரோட்டின் மேல் இந்தத் தேர்தல் ரோட்டைப் போட்டுவிட்டுப் போவார். இப்படியே தெரு ஏறி ஏறி, மெஹபூப் பீயின் முற்றத்தை விடப் பத்து அங்குலம் உயர்ந்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நேராக வரும். இந்தத் தடவை விடுவதில்லை என்று தெருவே ஒன்றாக நின்றது. மெஹபூப் பீ துடைப்பத்தோடு ரோலருக்கு முன்னால் போய் நின்று, "சொரண்டிட்டுப் போடுய்யா! மேல மேல போட்டு எங்கள பள்ளத்துல தள்ளிட்ட" என்று சத்தம் போட்டார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த ஜெஸிமாவின் காதில் அந்த 'மேல மேல' நின்றுவிட்டது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தௌசீஃபைக் கூப்பிட்டு, டயரின் அடியிலிருந்து தெருவரை நூல் இழுத்து, ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொன்னாள். டயருக்கும் முற்றத்துக்கும் பதினான்கு. தெருவுக்கும் முற்றத்துக்கும் பத்து. பாக்கி நாலு.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெற்றிவேலிடம் போனாள். "அண்ணே, எஸ்டிமேட்ல எத்தினி இஞ்ச் போட்டிருக்குது?"

"நாலும்மா."

"போடப் போறது?"

வெற்றிவேல் தலையைச் சொறிந்தார். "ஒண்ணர வரும்... நல்லா வந்தா ரெண்டு."

"நாலும் போடுங்க."

இருபது வருஷமாக ரோடு போடும் வெற்றிவேல் எல்லா விதமான திட்டும் வாங்கியிருக்கிறார். இன்னும் போடு என்று கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தார். மெஹபூப் பீதான் முதலில் வாய் திறந்தார். "உனுக்கு இன்னா பைத்தியமா? மழ பெஞ்சா தண்ணி எங்க வரும்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமி. வந்தா நானே மொண்டு ஊத்துறேன். இந்த ஒரு வாட்டி மாமி" என்றாள் ஜெஸிமா. அவள் கட்டைவிரல் டேப்பில் நாலாவது அங்குலத்தை அழுத்திப் பிடித்திருந்தது. மெஹபூப் பீ அந்த விரலைப் பார்த்தார், பிறகு முற்றத்துக் காரைப் பார்த்தார். துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வெற்றிவேல் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா பாத்துட்டு நிக்கிற? நாலுன்னா நாலு. ஒரு நூல் கொறஞ்சுது, ரோலர் இங்கியேதான் கெடக்கும்." தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, அதோடு, கார் ஓடுமா என்று பார்க்கும் ஆசை அதற்குள் எல்லோருக்கும் தொற்றிவிட்டிருந்தது.

இரண்டு நாள் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்தடிக்கு ஒரு தடவை கம்பியைக் குத்தி ஆழம் பார்த்தாள் ஜெஸிமா. காந்தி பஜாரிலிருந்து பெட்ரோல் பங்க் வரை எஸ்டிமேட்டில் எழுதிய அளவுக்கே தார் ரோடு போடப்பட்டது. மிதக்கும் காரை ஒரே நாளில் நம்பிய ஊர், இதை நம்ப இன்றைக்கும் தயங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே லாரி வந்து தெருமுனையில் நின்றது. ஜெஸிமா துப்பட்டாவை இறுக்கி முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். தௌசீஃப் இரண்டு விரலால் காரை வாசல் தாண்டித் தள்ளினான். முன்சக்கரங்கள் புதுத் தாரின் மேல் வந்தபோது, ஈரத் துணியைத் தரையில் போட்டதுபோல் 'சப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பின்சக்கரங்களும் வந்தன. மறுபடியும் 'சப்'. ஜெஸிமா கியரைப் போட்டு நெம்புகோலை மெல்ல விட்டாள். கார் கன்றுக்குட்டிபோலத் துள்ளிக்கொண்டு போனது. தெறித்த ஜல்லி வெற்றிவேலின் சட்டையில் விழுந்தது, அவர் அதைத் தட்டிவிடாமல் கை தட்டினார். தௌசீஃப் கொஞ்ச தூரம் கூடவே ஓடினான், பிறகு முடியாமல் நடுரோட்டில் நின்று சத்தமாக அழுதான். ஜெஸிமா என்ன கத்திக்கொண்டு போனாள் என்பதில் ஆளுக்கொரு சாட்சி சொல்கிறார்கள். கத்திக்கொண்டு போனாள் என்பதில் எல்லோரும் ஒன்று.

பெட்ரோல் பங்கில் புது ரோடு முடிந்தது. அங்கே சக்கரம் தரையை விட்டுவிட, வந்த வேகத்திலேயே கார் பழைய ரோட்டுக்கு நாலு அங்குலம் மேலே சத்தமில்லாமல் போனது. அங்கே ஸ்டீயரிங் பேச்சுக் கேட்கவில்லை. ரோடு நேராக இருந்ததால் பிழைத்தாள். எதிரே வந்த திண்டிவனம் பஸ் ஒதுங்கி நின்றது. அரை கிலோமீட்டர் தள்ளி வேறொரு கான்ட்ராக்டர் போட்ட புது ரோடு தொடங்கியதும் டயர் மறுபடி பிடித்துக்கொண்டது. அங்கேயே திருப்பிக்கொண்டு, பத்து மணி அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். "வண்டி ஓடுது சார்" என்றார் மெஹபூப் பீ ரிசார்ட்காரரிடம். அவர் நல்ல மனுஷர், டீ குடித்துவிட்டு வெறும் லாரியோடு போனார். மெஹபூப் பீ பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, "சீயமங்கலம் வரைக்கும் ரோடு போட்டுட்டானுங்களா? என் தங்கச்சி வூட்டுக்குப் போவணும்" என்றார்.

ஜெஸிமாவுக்கு அந்த மே மாதம் லைசென்ஸ் கிடைத்தது. அக்மல் மாடி அறையில் குடும்பம் நடத்துகிறான். அவ்வருஷ டிசம்பர்ப் புயலில் தெருத் தண்ணீர் முழுக்க வீட்டுக்குள் வந்தது. சொன்ன சொல் தவறாமல் ஜெஸிமா மூன்று நாள் மொண்டு ஊற்றினாள். ஏழு வீட்டு அரிசியும் ரேஷன் கார்டும் முற்றத்தில் நின்ற காரின் சீட்டில் நனையாமல் இருந்ததால் தெரு அவளை மன்னித்தது. இப்போது எந்தக் கான்ட்ராக்டர் எந்த ரோட்டில் எத்தனை அங்குலம் போடுகிறார் என்பது அவளுக்கு மனப்பாடம். சீயமங்கலம் ரோட்டில் பாதி தூரம் வந்துவிட்டது, மீதிக்கு ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். கூட்ரோட்டில் ஒரு தடவை சீட் பெல்ட் போடாததற்கு அபராதம் எழுதினார்கள், மிதந்ததற்கு எழுதவில்லை. காரைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. ஜெஸிமா ஹார்ன் அடித்தால், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கி வழி விடுகிறார்கள்.