வியாழக்கிழமைக் கணக்கு

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பெலாஜி பான்சே கணினிக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருட உழைப்பு. கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு நாற்பது டேப்லட் கொடுத்து, அதில் கணக்குப் போட்டுப் பழகும் பிள்ளைகள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று அளந்திருந்தாள். அபாரமாகத் தேறியிருந்தார்கள். பட்டம் கைக்கு வந்தால் தலைநகர் வகடூகுவிலேயே விரிவுரையாளர் வேலை. ஆனால் அவள் நேரில் போன நாட்களைத் தவிர, நாற்பது பிள்ளைகளும் கணக்குப் போட்டது அத்தனையும் வியாழக்கிழமைகளில்! வாராவாரம் வியாழன் விடுமுறை விடும் இந்த நாட்டில் எந்தத் தொடக்கப்பள்ளி அன்று திறந்திருக்கிறது? டேப்லட்டில் இருந்த பாரிஸ் மென்பொருள் வாரத்துக்கு எத்தனை கணக்கு என்று மட்டும்தான் காட்டியது. கிழமையைப் பார்க்க அவளுக்கும் இன்றுவரை தோன்றவில்லை. இப்படியும் ஒரு மடத்தனம் உண்டா!

தலைமை ஆசிரியர் யமேயோகோவுக்குப் போன் போட்டாள்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. டேப்லட்டெல்லாம் எங்க?"

"என் அலமாரியில பத்திரமா இருக்கு மேடம். நீங்க வர்ற அன்னைக்கு மட்டும்தான் வெளிய எடுப்போம்."

"அப்ப கணக்குப் போட்டது யாரு?"

"நான்தான்." குரலில் பெருமைகூட இருந்தது. "லீவு நாளெல்லாம் உக்காந்து நாப்பது பேருக்கும் போட்டேன். பயன்படுத்தலைன்னா வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க? ஆரம்பத்துல நிறைய தப்பு வந்துச்சு. இப்ப பின்னமெல்லாம் எனக்கு அத்துப்படி."

அவள் போனை வைத்தாள். நேராகத் தன் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் பாசோலே அறைக்குப் போய்க் கொட்டித் தீர்த்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடி வேர்க்கடலைக்காரி! கிழமையை எவன் பார்க்கப் போறான்? பேசாம வெள்ளிக்கிழமை கொடுத்துடு. தள்ளிப் போட்டேன்னு வை, அந்த வேலை அடுத்தவனுக்குத்தான்."

அவர் குருன்சி இனம், அவள் வேர்க்கடலைக்குப் பேர்போன பிஸ்ஸா இனம். கேலியாக ஒருவரையொருவர் வைதுகொள்ள இரு இனத்துக்கும் உரிமை உண்டு. வேறு நாளாக இருந்தால் "நாய் தின்னி" என்று திருப்பிக் கொடுத்திருப்பாள். இன்று அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வேப்ப மரத்தடியில் நின்று யமேயோகோவுக்கு மறுபடி போன் போட்டாள். "என் மூணு வருஷத்தை மண்ணாக்கிட்டீங்களே சார்! பிள்ளைங்க கையில கொடுக்க உங்களுக்கு என்ன கேடு?"

"கோபப்படாதீங்க மேடம். நான் கையெழுத்துப் போட்ட தாள் உங்ககிட்டயும் இருக்குமே, அதைப் படிச்சுப் பாருங்க."

பையைக் கிளறி எடுத்தாள். ஒரு டேப்லட்டில் கீறல் விழுந்தாலும் தலைமை ஆசிரியரே முழுப் பொறுப்பு. மேலிடத்துக்கும் தகவல் போகும். வாசகம் அவளே எழுதியது. அடியில் அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்து. எழுதிய அன்று தன்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. யார்மேல் எரிந்து விழுவது இனி?

இந்தப் பொய்க் கணக்கை வெள்ளிக்கிழமை கொடுக்க முடியாது; வேலை போகப்போகிறது. போனை மறுபடி காதில் வைத்தாள்.

"சார், அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க. நாளைக்கே பிள்ளைங்க கையில கொடுத்துடுங்க."

"உடைஞ்சுதுன்னா?"

"உடையட்டும். எத்தனை உடைஞ்சதுன்னு மட்டும் எழுதி வைங்க. அதையாவது பிள்ளைங்களே செஞ்சதா இருக்கட்டும்."